செட்டில் ஐயாவின் தாகம்

செட்டில் ஐயாவை எனக்குப் பிடிக்கும் என்று அக்காவுக்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. அடித்த கணவனிடம் அவளைத் திரும்ப அனுப்பிவைத்தவர் அவர். அனுப்பிவைத்த அன்றைக்கு எங்கள் தகரக் கொட்டிலில் நானும் இருந்தேன், சும்மா இருக்கவுமில்லை. ஆகையால் அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டிவரும். அதனால்தான் இவ்வளவு காலமும் தள்ளிப்போட்டேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. சம்பூரிலும், சண்டையில் இடம்பெயர்ந்த பிறகு அகதி முகாமிலும் சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவர் செட்டில் ஐயாதான். இளம் வயதில் திருகோணமலை ஹாபரில் ஒரு கப்பல் ஏஜன்ட் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கப்பலில் வந்த மா மூட்டை நனைந்திருந்தால், சீமெந்துப் பை கிழிந்திருந்தால், கப்பல்காரனுக்கும் சாமான்காரனுக்கும் நடுவில் கடிதம் எழுதுவது அவருடைய வேலை. இழுபறி முடிந்ததும் துரை சிவப்பு மையால் கடிதத்தின் குறுக்கே செட்டில்ட் என்கிற அந்த ஒரு சொல்லை எழுதுவாராம். அதோடு கோப்பைக் கட்டி அலுமாரியில் போட்டுவிடலாம். அந்தச் சொல்லின் மேல் அவருக்கு வந்த மயக்கம் கந்தோரை மூடிய பிறகும் தீரவில்லை.

ஒரேயொரு இங்கிலீஸ் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாளை ஓட்டலாம் என்று அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன். அள்ளிய தண்ணீர் கலங்கியிருந்தால், "வாளியை ஆட்டாதை, செட்டில் ஆகட்டும்." பிட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு, "இப்பதான் செட்டில்." புதுச் சுவரில் வெடிப்பு விட்டால், "பயப்பிடாதேங்கோ, ஒரு மாரி போனால் அத்திவாரம் செட்டில் ஆகிடும்." வாடைக்காற்று ஓய்ந்தால் கடல் செட்டில். அழுத பிள்ளை நித்திரையானால் அதுவும் செட்டில். கனடாவுக்குப் போனவன் செட்டில். அவனுக்குப் பேசிய பெண்ணும் அன்றைக்கே செட்டில். பக்கத்துக் கொட்டில் கிழவர் இறந்தபோது தலைத் துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மனிசன் விடியப்புறம் செட்டில் ஆகிட்டார்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒருமுறை முகாமுக்கு அதிகாரிகள் வந்து ரீசெட்டில்மென்ட் என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க அவருக்குக் கோபம். "எங்கட வளவில எங்களை விட்டால் அதுக்குப் பேர் வீட்டை போறது. அதுக்கேன் என்ர சொல்லை எடுக்கிறாங்கள்?" என்றார். என்ர சொல் என்றுதான் சொன்னார், ஏதோ தன்னுடைய மாட்டை யாரோ அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி.

"ஏன் ஐயா, தமிழில தீர்ப்பு எண்டு ஒரு சொல் இருக்குத்தானே?" என்று நான் சீண்டினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. முகாமில் சின்னப்பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

"தீர்ப்பு வேற, பிள்ளை. தீர்ப்பெண்டால் ஒருத்தன் வெல்லவேணும், மற்றவன் தோக்கவேணும். தோத்தவன் நாளைக்குக் கத்தியோட வருவான். செட்டில் எண்டால் ஆர் சரி, ஆர் பிழை எண்டு பாக்கிறேல்லை. ரெண்டு பேரும் இண்டைக்கு நித்திரை கொள்ளவேணும். அவ்வளவுதான்."

பொலிஸ் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுக்காத காலம் அது. கோட்டுக்குப் போவதென்றால் பஸ் மாறி மாறிப் போய் ஒரு நாளைத் தொலைக்கவேண்டும். அந்த நிலையில் நடந்தே வந்து, ஒரு சதமும் வாங்காமல், சண்டையை முடித்துவிட்டுப் போகிற ஒருவரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவர் சொன்னது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். சண்டை வீட்டுக்குப் போவார். போட்ட கதிரையிலோ பாயிலோ இருப்பார். விசயம் முடியும்வரை அந்த வீட்டில் பச்சைத்தண்ணியும் வாயில் படாது. தொடங்கிய காரணம் நியாயமானது. "ஒருத்தன்ர தேத்தண்ணியைக் குடிச்சால் மனம் அவன்ர பக்கம் சாயும். கந்தோரில கண்டனான்" என்பார். ஆனால் போகப்போக அந்த விரதத்துக்கு வேறொரு பலம் வந்துவிட்டது. வெயில் ஏறும். அவருடைய உதடு காயும். பேச்சின் நடுவில் எச்சிலை விழுங்குவார். தொண்டைமணி ஏறி இறங்குவது தெரியும். வயது போன ஒரு மனிதர் தங்கள் வாசலில் தாகத்தோடு இருப்பதை எங்கள் ஆட்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சண்டை பின்னுக்குப் போய் அவருடைய தாகம் முன்னுக்கு வந்துவிடும். யாராவது ஒருவர் இறங்கிவருவார். அவர் செம்பை அண்ணாந்து மடமடவென்று குடிப்பார். ஊர் பெருமூச்சு விடும்.

இந்த ஆயுதம் ஒரேயொரு தடவை பலிக்காமல் போனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பாலங்கள் வருவதற்கு முன்பு நடந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய படகு எஞ்சின் கிண்ணியாக்காரர் ஒருவருடைய வலையை அறுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருக்க, இவர் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போய் வலைக்காரர் வீட்டில் இருந்தார். வழக்கம்போலத் தண்ணீர் வேண்டாம் என்றார். யாரும் தண்ணீர் தருவதாகச் சொல்லவேயில்லை. அது நோன்பு மாதம் என்பதை மனிதர் மறந்துபோனார். அந்த வீட்டில் எட்டுப் பேரும் அவரைவிடக் கூடுதலாகக் காய்ந்துபோய் இருந்தார்கள். அவருடைய தாகத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. பின்னேரம் வரை இழுபட்டு, கடைசியில் வலைக்காரரே, "ஐயா, இனி பாங்கு சொல்லப்போகுது. நாங்க நோன்பு திறக்க நீங்க வாய் காய்ஞ்சு இரிக்கிறது சரியில்ல. வாங்க, முடிப்பம்" என்றாராம். எஞ்சின்காரர் ஒரு கிழமை அங்கே தங்கி வலையைப் பொத்திக்கொடுப்பதென்று முடிவானது. ஈச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் இவர் திரும்பினார். அந்த இரண்டு குடும்பங்களும் பிறகு கலியாண வீடுகளுக்குப் போய்வரும் அளவுக்கு ஒட்டிவிட்டன. இதைச் சொல்லும்போது அவருடைய முகம் குழந்தை முகமாகிவிடும். அந்த முகத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடித்தது.

இனிப் பைப்படிச் சண்டையைச் சொல்லவேண்டும். முகாமில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற இரண்டு பெண்கள், யாருடைய வாளி முன்னுக்கு என்று தலைமயிரைப் பிடித்துவிட்டார்கள். ஐயா வந்து நடுவில் இருந்தார். அரை மணித்தியாலம் ஆகவில்லை. அதில் ஒருத்தி, நாலு பிள்ளைகளோடு தனியாக இருந்தவள், "நானே பின்னால நிக்கிறன் ஐயா. நீங்கள் முதலில குடியுங்கோ" என்று ஓடிவந்தாள். உண்மையில் வரிசையில் முன்னால் நின்றவள் அவள்தான். பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஐயா குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "பொம்பிளையளோட கரைச்சலே இல்லை, பிள்ளை. கெதியா செட்டில் ஆகிடுவினம்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

முகாமில் எங்களுக்கு நாலாவது வருடம். அக்காவை டவுனில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ஹாபர் பக்கம் லொறியில் சாமான் ஏற்றும் வேலை. குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. அதனால் எல்லாரிடமும் நல்ல பெயர். ஒருநாள் காலையில் அக்கா இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்து இறங்கினாள். உதடு வெடித்திருந்தது. கழுத்தில் விரல் பதிந்த அடையாளம். "இனி நான் போகமாட்டன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் செட்டில் ஐயாவைக் கூப்பிட்டார்.

அத்தானும் அவருடைய தாயும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். தகரக் கூரை. நல்ல வைகாசி வெயில். ஐயா எங்கள் ஒரேயொரு கதிரையில் இருந்தார்.

"நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

"நான் போகமாட்டன், ஐயா."

"சரி. இனிமேல் கை நீட்டமாட்டன் எண்டு அவர் சொன்னால்?"

"போனமுறையும் அப்பிடித்தான் சொன்னவர்."

அத்தான் எழும்பி வந்து மகனின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிள்ளை பயந்து அழுதது. அக்கா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் போகமாட்டன்" என்றாள்.

பத்து மணியானது. பதினொன்றானது. ஐயா அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. இடைக்கிடை, "யோசி பிள்ளை, நான் இருக்கிறன்" என்றார். பன்னிரண்டு மணிக்கு அவருடைய உதட்டில் வெள்ளை படிந்திருந்தது. ஒரு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தூணில் சாய்ந்தார். கால் பெருவிரல் நடுங்கியது. அவர் நடிக்கவில்லை. அந்த மனிதருக்கு நடிக்கவே தெரியாது. அதுதான் அதிலுள்ள கொடுமை.

"எடியே, காலமை தொடக்கம் அந்த மனிசன் ஒரு சொட்டுத் தண்ணியும் படாமல் இருக்குது. விழுந்து கிழுந்து போனால் பழி எங்களுக்கல்லோ?" என்றார் அம்மா.

நான் செம்பில் தண்ணீரோடு நின்றேன். எனக்கு அப்போது அக்காவின் கழுத்து தெரியவில்லை. அவருடைய உதடுதான் தெரிந்தது. "அக்கா, ஓமெண்டு சொல்லனக்கா. ஐயாவைப் பார்" என்றேன்.

அக்கா ஐயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நீண்டநேரம் பார்த்தாள். பிறகு "ஓம்" என்றாள். அதை என்னிடம்தான் சொன்னாள்.

ஐயா என் கையிலிருந்த செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தண்ணீர் கழுத்தால் வழிந்து சேட்டை நனைத்தது. நான் இரண்டாவது செம்பும் வார்த்துக்கொடுத்தேன். "செட்டில்" என்றார். அத்தானின் தாய் சிரித்தார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா ஒரு மூலையில் இருந்து பிள்ளையின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து அவளைப் பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முகத்தின் இடது பக்கம் வீங்கி, கண் மூடியிருந்தது. அத்தான் கன்னத்தில் அடிக்கவில்லை, காதைப் பொத்தி அடித்திருக்கிறார். இடது காது இனிக் கேட்காது என்று டொக்டர் சொன்னார். வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ் வந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். "நீ வெளியில நில்லு" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சாத்து என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

விறாந்தையில் செட்டில் ஐயா நின்றார். கையில் ஒரு பையில் தோடம்பழம். உள்ளே வரவில்லை.

"பொலிசுக்குக் குடுத்தாச்சோ, பிள்ளை?"

"ஓம், ஐயா."

தலையை ஆட்டினார். பையை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்கவேண்டும் என்று நினைத்துக் கேட்டாரா, கொடுத்துவிடக்கூடாதே என்று கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தோடம்பழத்தை நான்தான் தின்றேன். அக்கா தொடவில்லை.

அந்த வழக்கு நாலு வருடம் இழுத்தது. அக்கா ஒவ்வொரு தவணைக்கும் போனாள். பிரிவும் மகனும் அவளுக்குக் கிடைத்தன. அத்தான் வேறு ஊரோடு போய்விட்டார். அந்தக் காலமெல்லாம் ஐயா என்னோடு பழையபடி நன்றாகத்தான் இருந்தார். டவுனில் பாமசியில் எனக்கு வேலை கிடைத்தபோது தங்குவதற்கு அறை பார்த்துத் தந்தவர் அவர். அம்மா செத்தபோது பந்தல் போடுவதிலிருந்து காடாத்து வரை ஓடித்திரிந்தவர் அவர். நான் அவரோடு சிரித்துப் பேசினேன். அவரை வெறுத்தால் செம்போடு நின்றவளையும் வெறுக்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு இருக்கவில்லை.

அரசாங்கம் எங்கள் காணிகளைத் திருப்பித் தந்த பிறகு அக்கா சம்பூருக்குத் திரும்பி, அம்மாவின் வளவில் கச்சான் கடலை போட்டு, கோழி வளர்த்து, தையலும் தைத்துக்கொண்டு இருந்தாள். ஐயாவும் தன் வளவுக்கு வந்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, நான் அங்கே நின்ற நேரம், பொல்லூன்றிக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். நன்றாக இளைத்திருந்தார். அக்கா வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டு, கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. 

"பிள்ளை, ஒரு விசயம் மட்டும் எனக்குச் செட்டில் ஆகாமல் கிடக்கு."

"சொல்லுங்கோ, ஐயா." அக்கா நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கச்சான் உடைக்கத் தொடங்கினாள்.

"அண்டைக்கு உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாது. பிழை விட்டுட்டன். மன்னிச்சிட்டன் எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அக்கா கோதை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டாள். அவர் காத்திருந்தார். வெயில் நகர்ந்து அவருடைய காலடிக்கு வந்தது. நெற்றியில் வேர்வை.  எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி, "அக்கா…" என்று தொடங்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள்.

"ஐயா, பிழையெண்டு நீங்களே வந்து சொன்னியள். அது பெரிய விசயம். எனக்கு உங்களில கோபமில்லை. ஆனா நீங்கள் தாகத்தோட இருக்கிறியள் எண்டதுக்காக நான் இனி ஒரு சொல்லும் சொல்லமாட்டன். தண்ணியைக் குடியுங்கோ."

"குடிச்சால்?"

"குடிச்சால் தாகம் போகும். வேறொண்டுமில்லை."

அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, முழுவதையும் குடித்தார். முடியாத ஒரு விசயத்துக்கு நடுவில் அவர் தண்ணீர் குடித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். குசினிக்குள் போய் அழுதேன். அவருக்காக அழுதேனா அக்காவுக்காக அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படலை வரை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒருக்கா அவளோட கதைச்சுப் பாரன், பிள்ளை. நீ சொன்னால் கேப்பாள்."

"ஏலாது, ஐயா."

"ஏன்?"

"அண்டைக்கு நான் கதைச்சது காணும்."

அவர் என் கையை விட்டுவிட்டு நடந்தார். ஒழுங்கை முடியும்வரை பொல்லின் சத்தம் கேட்டது.

போன வருடம் அவர் இறந்தார். செத்தவீட்டுக்கு ஊரே வந்திருந்தது. கிண்ணியாவிலிருந்து வலைக்காரருடைய மகன்மார் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வாய்க்கரிசி போட்டாள். பிறகு பந்தலுக்குக் கீழே என் பக்கத்தில் வந்து நின்றாள். ஊர்ச் சங்கத் தலைவர் கடதாசியைப் பார்த்து இரங்கலுரை வாசித்தார். "ஐயா கைவைத்த ஒரு பிணக்காவது தீராமல் போனதாக இந்த ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிட்டே அவர் கண்மூடினார்" என்றார்.

காது போனதிலிருந்து அக்காவுக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை. என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு குனிந்து, "என்ரதைத் தீர்க்கேல்லை" என்றாள்.

பந்தல் முழுக்கக் கேட்டது. தலைவர் வாசிப்பதை நிறுத்தினார். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பலத்துச் சொல்லிட்டனோ?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு மாமி என் தோளில் தட்டி, "செத்தவீட்டில என்ன கதை இது? அவளை அமத்து, பிள்ளை" என்றார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று ஊருக்குத் தெரியும்.

"சரியாத்தான் சொன்னாய், அக்கா" என்றேன். அவளுடைய கேட்காத காதுப் பக்கம் நான் நின்றேன். அதனால் பலமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.